முதல் நாள் மீன் பிடிக்க அல்ல

புதிய மீன்பிடி கயாக் வாங்கியிருக்கும், வாங்க நினைக்கும் மூத்தோருக்காக
ஃபேரர் பார்க் வட்டார மூத்தோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



நான் மருத்துவர் அல்ல, படகுப் பயிற்றுவிப்பாளரும் அல்ல. பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்துவிட்டு, உங்கள் கைக்கு வரும் சுகாதாரக் கையேடுகளைத் தமிழில் எழுதும் மொழிபெயர்ப்பாளர். இரத்த அழுத்தம், நீரிழிவு, கீழே விழாமல் நடப்பது ஆகியவற்றைப் பற்றி இதுவரை எழுதியிருக்கிறேன். இன்று பேசப்போவது கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் ஏறிக் கடலில் மீன் பிடிப்பது பற்றி.

ஃபேரர் பார்க்கில் கடல் ஏது என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்த வட்டாரத்துக்கும் தண்ணீருக்கும் பழைய உறவு உண்டு. 1957-இல் திறந்த ஃபேரர் பார்க் நீச்சல் வளாகத்தில் நீந்தக் கற்றவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். அந்த வளாகம் 2003-இல் மூடப்பட்டது. அங்கே கை கால் அடித்துப் பழகிய பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர்களில் சிலருக்குத் தூண்டில் மீது மறுபடியும் ஆசை வருகிறது. கரையில் நின்று பிடித்தது போதும், கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. கடையில் ஒரு கயாக்கைப் பார்க்கிறார்கள். நாற்காலி போன்ற இருக்கை, தூண்டில் செருக இடம், பெட்டி வைக்க இடம். வாங்கிவிடுகிறார்கள்.

வாங்குவது நல்லதா கெட்டதா என்று சொல்ல நான் வரவில்லை. துடுப்புப் போடுவது தோளுக்கும் முதுகுக்கும் நெஞ்சுக்கும் நல்ல பயிற்சி. நண்பர்களோடு வெளியே போவது மனத்துக்கும் நல்லது. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: புதிய கயாக்கைத் தண்ணீரில் இறக்கும் முதல் நாள் மீன் பிடிக்கும் நாள் அல்ல. அது கவிழ்ந்து பார்க்கும் நாள். கவிழ்ந்த பிறகு யார் உதவியும் இல்லாமல் மறுபடியும் ஏறி உட்கார முடிகிறதா என்று பார்க்கும் நாள். அது தெரியாமல் திறந்த கடலுக்குப் போகக் கூடாது.

கட்டுமரமும் கயாக்கும்

கயாக் என்ற சொல் ஆர்க்டிக் பகுதி இன்யூட் மக்களின் மொழியிலிருந்து வந்தது. மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துப் போர்த்தி, நடுவில் ஒரு துளை விட்டு, அதற்குள் இடுப்பு வரை இறங்கி உட்கார்ந்து அவர்கள் வேட்டைக்குப் போனார்கள்.

இன்று மீன் பிடிப்பதற்கு விற்கப்படும் கயாக்குகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் நாம் உள்ளே இறங்குவதில்லை, மேலே உட்காருகிறோம். உட்புறம் மூடப்பட்ட, காற்று நிரம்பிய பிளாஸ்டிக் கூடு. மேல்தட்டில் விழும் தண்ணீர் அதிலுள்ள துளைகள் வழியாகக் கீழே வடிந்துவிடும். எனக்கு இது நம் ஊர்க் கட்டுமரத்தை நினைவூட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்று வழங்கும் சொல் தமிழின் ‘கட்டுமரம்’ என்பதிலிருந்து பிறந்ததுதான். மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். அதில் தண்ணீர் தேங்காது, கவிழ்ந்தாலும் மூழ்காது. அலை புரட்டிப் போட்டால் மீனவர் நிமிர்த்தி மறுபடியும் ஏறிக்கொள்வார்.

இங்கே கவனிக்க வேண்டியது, மரம் மூழ்காது என்பதனால் மட்டும் மீனவர் பிழைப்பதில்லை. மறுபடியும் ஏறத் தெரியும் என்பதனால்தான் பிழைக்கிறார். அந்தத் திறமை அவருக்குச் சிறு வயது முதல் பழகியது. நமக்கு அது படகோடு சேர்த்துக் கடையில் கிடைப்பதில்லை.

முதலில் உடம்பு

படகைச் சோதிப்பதற்கு முன் உடம்பைச் சோதியுங்கள். தைப்பூசத்தன்று காலையில்தான் காவடி எடுப்பவர் தம் உடம்பை முதன்முதலாகச் சோதித்துப் பார்ப்பதில்லை. பல வாரங்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. கடலுக்கும் அதே பக்குவம் வேண்டும்.

உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்திருந்தால், நீங்கள் பதிந்துகொண்ட மருந்தகத்திலேயே கேட்கலாம். “உடற்பயிற்சி செய்யலாமா?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “கயாக்கில் தனி இருக்கையில் இரண்டு மணி நேரம் வெயிலில் துடுப்புப் போடப் போகிறேன், தண்ணீரில் விழவும் கூடும்” என்று விவரமாகச் சொல்லுங்கள். பதில் வேறாக இருக்கலாம்.

குறிப்பாக இவற்றைச் சொல்ல மறக்காதீர்கள்:

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் எப்போதாவது வந்திருந்தால், அது சிறியதாகத் தோன்றினாலும் சொல்லுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் குறைத்துவிடக்கூடிய மாத்திரைகளோ எடுத்துக்கொண்டால் சொல்லுங்கள். துடுப்புப் போடுவது கடுமையான வேலை. நடுத்தண்ணீரில் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, மனம் குழம்பினால் கரையைக்கூட அடையாளம் தெரியாது. இனிப்பு மிட்டாயைப் படகில் ஒன்றும் சட்டைப்பையில் ஒன்றுமாக நீர் புகாத உறையில் வைத்திருங்கள். படகைவிட்டு விழுந்தால் படகில் இருப்பது உதவாது.

சிறுநீரை அதிகமாக்கும் இரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொண்டால், வெயிலில் உடம்பில் நீர் வற்றி எழும்போது தலை சுற்றலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தண்ணீருக்குப் போகும் நாளில் எந்த நேரத்தில் எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொண்டால், தூண்டில் முள் குத்திய சிறு காயம்கூட நெடுநேரம் கசியும். தலையில் அடிபட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காதில் செவித்துணைக் கருவி வைத்திருப்பவர்கள் தண்ணீருக்குப் போகும்போது அதைக் கழற்றிவிடுவார்கள். அப்போது பின்னால் வரும் கப்பலின் ஊதொலி கேட்காது. அதைப் பற்றி உங்களுடன் வருபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை நெஞ்சின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அருகில் ஒருவர் நிற்கட்டும். 65 முதல் 69 வயதுள்ள ஆண் 12 முறைக்கும் குறைவாகவும், அதே வயதுள்ள பெண் 11 முறைக்கும் குறைவாகவும் எழுந்தால், கால் வலிமை அந்த வயதுக்குரிய சராசரியைவிடக் குறைவு என்று பொருள். அப்படி இருந்தால் கயாக் ஆசையை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. முதலில் காலை வலுப்படுத்த வேண்டும். மூத்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்வதோடு, வாரத்தில் 3 நாளாவது வலிமைக்கும் சமநிலைக்கும் உரிய பயிற்சி செய்வது நல்லது. கயாக் ஒரு நல்ல காரணமாக இருக்கட்டும்.

கரையில் படகு

மீன்பிடி கயாக் சாதாரணமாக 30, 40 கிலோ எடை இருக்கும். பலருக்கு முதல் காயம் தண்ணீரில் அல்ல, கார் நிறுத்தும் இடத்தில்தான் ஏற்படுகிறது. காரின் கூரையிலிருந்து தனியாக இறக்காதீர்கள். சக்கரம் வைத்த தள்ளுவண்டியும் இன்னொருவரும் இருக்கட்டும்.

படகு தாங்கக்கூடிய எடை எவ்வளவு என்று உற்பத்தியாளர் குறித்திருப்பார். அது படகு மூழ்காமல் இருக்கும் எல்லை. படகு நன்றாக ஓடும் எல்லை அல்ல. உங்கள் எடை, தூண்டில், பெட்டி, ஐஸ், தண்ணீர், பிடிக்கப்போகும் மீன் எல்லாவற்றையும் கூட்டினால், குறித்த அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, படகின் அடியிலும் முனைகளிலும் விரிசல் உண்டா என்று தடவிப் பாருங்கள். நீரை வெளியேற்றும் அடைப்பான் இறுக்கமாக இருக்கிறதா, மூடிகள் சரியாக மூடுகின்றனவா என்று பாருங்கள். இருக்கையை உயர்த்தித் தாழ்த்த முடியுமானால், முதலில் மிகத் தாழ்வான நிலையில் வையுங்கள். உயரமாக உட்கார்ந்தால் மீன் நன்றாகத் தெரியும், முட்டிக்கும் சுகம். ஆனால் எவ்வளவு உயரமாக உட்காருகிறோமோ அவ்வளவு எளிதாகக் கவிழ்வோம்.

உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே போட்டு, எல்லாப் பட்டைகளையும் இழுத்துக் கட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் அளவு பெரிது. அங்கியை இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போவது போட்டுக்கொள்ளாததற்குச் சமம். தண்ணீரில் விழுந்த பிறகு அதைப் போட்டுக்கொள்வது இளைஞர்களுக்கே கடினம்.

கவிழ்த்துப் பாருங்கள்

முதல் சோதனைக்குக் கடல் வேண்டாம். அலையும் நீரோட்டமும் இல்லாத, நெஞ்சளவு ஆழமுள்ள, பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் இருக்கும் இடம் வேண்டும். நம் வட்டாரத்துக்கு அருகில் ரோச்சோர் கால்வாய் ஓடுகிறது. அது போய்ச் சேரும் காலாங் பேசின், 2008-இல் மரினா அணை திறக்கப்பட்ட பிறகு கடலின் ஏற்ற இறக்கம் எட்டாத நன்னீராகிவிட்டது. அங்கும் தீவின் மற்ற இடங்களிலும் கயாக் கற்றுத்தரும் மையங்கள் இருக்கின்றன. மக்கள் கழகத்தின் ‘பேஷன் வேவ்’ மையங்களிலும் கற்கலாம். சிங்கப்பூர்க் கேனோ சம்மேளனத்தின் தொடக்கநிலைப் பயிற்சியில் கவிழ்ந்து மீள்வதும் ஒரு பாடம். சொந்தப் படகை எங்கே இறக்கலாம், எங்கே தூண்டில் போடலாம் என்பதற்கு இடத்துக்கு இடம் விதிகள் உண்டு. நீர்த்தேக்கமானால் பொதுப் பயனீட்டுக் கழகத்திடமும், பூங்காக் கரையானால் தேசியப் பூங்காக் கழகத்திடமும், கடலானால் கடல்துறை, துறைமுக ஆணையத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் இறங்கியதும் தூண்டிலோ பெட்டியோ இல்லாமல் உட்காருங்கள். மெதுவாக இடப்பக்கம் சாயுங்கள், பிறகு வலப்பக்கம். படகு எந்த அளவு சாய்ந்தால் திரும்பி வருகிறது, எந்த இடத்தைத் தாண்டினால் வராது என்று உங்கள் இடுப்புக்குத் தெரிய வேண்டும். அந்த இடத்தைத் தாண்டுங்கள். கவிழுங்கள்.

இப்போது ஏற வேண்டும். படகு தலைகீழாகக் கிடந்தால், ஒரு பக்கத்தில் நின்று மறுபக்க விளிம்பை எட்டிப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து நிமிர்த்துங்கள். பிறகு படகின் நடுப்பகுதிக்கு வாருங்கள். கால்களைப் பின்னால் மிதக்கவிட்டு, நீந்துவதுபோல் உதைத்து, அந்த வேகத்தில் உடம்பைப் படகின் மேல் குப்புறச் சரியுங்கள். கால் படகுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு கைவலிமை இருந்தாலும் ஏற முடியாது. குப்புறப் படுத்ததும் புரண்டு இடுப்பை இருக்கையில் வையுங்கள். கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். முதலில் வயிறு, அடுத்து இடுப்பு, கடைசியில் கால். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஒரு முறை ஏறிவிட்டால் போதாது. மூன்றாம் முறை, களைத்துப்போன பிறகும் ஏற முடிகிறதா என்று பாருங்கள். கடலில் கவிழ்வது பெரும்பாலும் களைத்த பிறகுதான். அதன்பின் தூண்டில், பெட்டி எல்லாவற்றையும் வழக்கம்போல் வைத்துக்கொண்டு மறுபடியும் கவிழுங்கள். கட்டப்படாத பொருள்கள் எங்கெங்கே போகின்றன, எந்தக் கயிறு காலில் சுற்றுகிறது என்று அப்போது தெரியும். அரை மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்து மூடியைத் திறந்து பாருங்கள். படகின் கூட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அந்தப் படகு கடலுக்கு ஆயத்தமில்லை.

என் மாமா கற்றது

என் அம்மாவின் அண்ணனுக்கு வயது 68. ஓவன் ரோட்டில் வளர்ந்தவர். ஃபேரர் பார்க் குளத்தில் நீந்தக் கற்றவர். பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு மீன்பிடி கயாக் வாங்கினார். முதலில் ஒரு பயிற்சி மையத்தில் கவிழ்ந்து பார்க்கலாம் என்று நான் சொன்னபோது சிரித்தார். “நான் சின்ன வயசுலேர்ந்து நீந்தினவன்மா. எனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்றார். என் அத்தைக்கோ அந்தப் படகையே பிடிக்கவில்லை. “வித்துடுங்க, இல்லேன்னா நான் தூங்கமாட்டேன்” என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தையைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் மாமா பயிற்சிக்கு வந்தார். கரையில் அத்தை குடையோடு உட்கார்ந்திருந்தார். மாமா கவிழ்ந்தார். நீந்துவதில் குறையே இல்லை. ஆனால் படகில் ஏற முடியவில்லை. இரண்டாம் முறையும் முடியவில்லை. மூன்றாம் முறை இடது தோள் ஒத்துழைக்கவில்லை. பல ஆண்டுகளாக அந்தக் கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்க முடியாமல் இருந்திருக்கிறது. வீட்டு வேலைகளில் அது தெரியவில்லை. நீந்துவது வேறு, ஏறுவது வேறு. அதை மாமா அன்றுதான் உணர்ந்தார்.

பயிற்றுவிப்பாளர் ஒரு கயிற்றின் நுனியில் பாதம் நுழையும் அளவு வளையம் போட்டுப் படகின் மறுபக்கத்தில் கட்டினார். இப்பக்கம் தண்ணீருக்குள் தொங்கும் வளையத்தில் காலை வைத்து ஏணிப்படிபோல் மிதித்தால், தோளின் வேலையில் பாதியைக் கால் எடுத்துக்கொள்ளும். அந்த முறையில் மாமா ஏறினார். பிறகு பல வாரம் தோளுக்கு உடலியக்கச் சிகிச்சை, மறுபடியும் பயிற்சி. இருக்கையைத் தாழ்த்தினார். பெரிய ஐஸ் பெட்டிக்குப் பதில் சின்னப் பை. இன்னொருவர் வராத நாளில் போவதில்லை என்று அவராகவே முடிவு செய்தார்.

களைத்த பிறகும் மூன்று முறை தொடர்ந்து ஏறிக் காட்டிய நாளில் அத்தையும் கரையில் இருந்தார். படகை விற்கச் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டார். “எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?” என்பதை மட்டும் இப்போது கேட்கிறார். மாமா அதற்குச் சரியான மணி சொல்லியாக வேண்டும்.

ஏற முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவருடன் இரட்டை இருக்கைக் கயாக்கில் அமைதியான நீரில் போகலாம். படித்துறையிலிருந்தே தூண்டில் போடலாம். சோதனை என்பது ஒருவரைத் தடுப்பதற்கு அல்ல. அவருக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பதற்கு.

திறந்த கடலுக்கு முன்

அமைதியான நீரில் தேறிய பிறகுதான் கடல். அதிலும் முதலில் கரையோரம், வழிகாட்டியுடன், குறைந்த நேரம்.

நம் கடலில் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் தீவுகளுக்கு இடையே நீரோட்டம் வலுக்கும். போகும்போது நீரோட்டம் தள்ளிக்கொண்டு போனால் துடுப்பு இலேசாக இருக்கும். திரும்பும்போது அதே நீரோட்டம் எதிர்த்து நிற்கும். அதனால் முதலில் எதிர்த்துப் போங்கள். களைப்போடு திரும்பும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரட்டும். ஆனால் நீரோட்டம் எந்த நேரத்தில் திசை மாறும் என்று அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நங்கூரம் போடுவதானால் படகின் முனையிலோ பின்முனையிலோ கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் நீரோட்டம் இழுத்துப் படகைக் கவிழ்த்துவிடும்.

தூண்டில்காரர்களுக்கு விடியற்காலை பிடிக்கும். ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ எனப்படும் புயல்காற்று வரிசை மேற்கிலிருந்து வருவதும் பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான். அதில் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். உயரமான இருக்கை கொண்ட கயாக்கை அது பாய்மரம்போல் தள்ளும். மேற்கு வானம் கறுத்தால், இடி கேட்டால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கரைக்குத் திரும்புங்கள். கார்பன் தூண்டில்தடி மின்சாரத்தைக் கடத்தும். திறந்த நீரில் அதை உயர்த்திப் பிடிக்காதீர்கள். புறப்படுவதற்கு முன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ‘மைஎன்வி’ செயலியில் வானிலையையும், 2023-இல் தொடங்கிய வெப்ப அழுத்த அறிவுரையையும் பாருங்கள். செயலி பழகாதவர்கள் பேரப்பிள்ளையிடம் கேளுங்கள்.

நம் துறைமுகம் உலகில் மிகவும் பரபரப்பானவற்றுள் ஒன்று. தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து கிடக்கும் கயாக் பெரிய கப்பலில் இருப்பவரின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தெரிந்தாலும் அந்தக் கப்பலால் உடனே நிற்க முடியாது. பளிச்சென்ற நிறத்தில் உடையும் கொடியும் இருக்கட்டும். கழுத்தில் ஊதுகுழல் இருக்கட்டும். கைப்பேசியை நீர் புகாத உறையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள்.

அனுபவமுள்ளவர்களையும் வானிலை விடுவதில்லை. 2019 ஆகஸ்டில், ஜோகூரின் எண்டாவ் கடற்பகுதியில் குழுவாகச் சென்ற சிங்கப்பூரர்களில், இரட்டைக் கயாக் ஒன்றில் இருந்த இருவர் மோசமான வானிலையில் மற்றவர்களைவிட்டுப் பிரிந்தார்கள். பல நாள் தேடலுக்குப் பிறகு இருவரின் உடல்களும் கிடைத்தன. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. குழுவாகப் போனாலும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியும் தூரத்திலேயே இருக்க வேண்டும், வானிலை சரியில்லாத நாளில் புறப்படவே கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கவிழ்ந்து, எவ்வளவு முயன்றும் ஏற முடியாவிட்டால், படகை விட்டு நீந்தாதீர்கள். கரை பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். நீரோட்டத்தில் அந்தத் தூரம் நீளும். படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள். மனிதத் தலையைவிடப் படகைத் தேடுபவர்கள் எளிதாகக் கண்டுபிடிப்பார்கள். நம் கடல்நீர் வெதுவெதுப்பானதுதான் என்றாலும், நெடுநேரம் கிடந்தால் உடம்புச் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஊதுகுழலை விட்டுவிட்டு ஊதுங்கள்.

முள் குத்தினால்

கடல் கெளுத்தி, திருக்கை, கல்மீன் போன்றவற்றின் முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் கரைக்கு வந்ததும் குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில், 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல், 30 முதல் 90 நிமிடம் வைத்திருந்தால் வலி குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால் முதலில் பாருங்கள். நீரிழிவினால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. வேறொருவர் பார்க்க வேண்டும். பிறகு மருத்துவரிடம் போங்கள். மூச்சு முட்டினால், மயக்கம் வந்தால், உடனே 995-ஐ அழையுங்கள்.

நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடல்நீரில் உள்ள சில கிருமிகள் சிறு காயத்தின் வழியாகவும் உடம்பில் வேகமாகப் பரவும். காலில் ஆறாத புண் இருக்கும்போது தண்ணீரில் இறங்காதீர்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்பும் வீக்கமும் மணிக்கு மணி பரவினால், காய்ச்சல் வந்தால், காலைவரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கடல்நீர் பட்ட காயம் என்று சொல்லுங்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கு

பிள்ளைகளே, மருமக்களே, “இந்த வயசுல எதுக்கு?” என்று மட்டும் கேட்டால், பெரியவர்கள் சொல்லாமல் போவார்கள். சொல்லாமல் போவதுதான் மிகப் பெரிய ஆபத்து. அதற்குப் பதில் ஒரு நாள் கூடப்போய்க் கரையில் நில்லுங்கள்.

மூத்தோரே, நீங்களும் ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள்: எந்தக் கரையிலிருந்து இறங்குகிறீர்கள், எந்தப் பக்கம் போகிறீர்கள், உடன் வருபவர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன, எத்தனை மணிக்குள் அழைப்பீர்கள். அந்த நேரம் தாண்டியும் அழைப்பு வராவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் தயங்காமல் 999-ஐ அழைத்து அந்தத் தாளில் உள்ளதை அப்படியே படிக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கையேட்டை மடித்து வைப்பதற்கு முன், அடுத்த மருத்துவர் சந்திப்பு எப்போது என்று பாருங்கள். கயாக் பற்றிக் கேட்க வேண்டியதை அந்த அட்டையிலேயே எழுதி வையுங்கள். பிறகு ஒரு பயிற்சி மையத்தை அழைத்து, “எனக்கு மீன் வேண்டாம், முதலில் கவிழக் கற்றுக்கொடுங்கள்” என்று சொல்லுங்கள். கொடுவா மீன் காத்திருக்கும். அதுவரை நமக்குத் தேக்கா சந்தை இருக்கிறது.

நலமாகப் போய், நலமாகத் திரும்பி வாருங்கள்.